அத்தியாயம் 8: ஏலகிரியில் இரண்டு நாள் – சிறு நிறுவனத்தின் குழு முகாம்

ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை வட்டாரத்தில் ஷூ அப்பர் யூனிட்டோ, சோல் பட்டறையோ, தோல் ஃபினிஷிங் கம்பெனியோ நடத்துபவர்களுக்கான அத்தியாயம் இது. வேலை செய்பவர்கள் 20 முதல் 60 பேர் என்று வைத்துக்கொள்வோம். பெரிய ஏற்றுமதி நிறுவனங்களில் முகாம் நடத்தத் தனித் துறையே இருக்கும். உங்களிடம் ஒரு மேனேஜர், ஒரு கணக்கர், நாலைந்து சூப்பர்வைசர்கள் இருப்பார்கள். அவர்களே போதும்.

முகாமுக்கு இரண்டு நோக்கங்கள். அடுத்த ஆறு மாதத்துக்குத் திட்டம் போட வேண்டும். ஒருவரோடொருவர் நெருங்கவும் வேண்டும். காலையில் உரை, மாலையில் விளையாட்டு என்று இரண்டையும் பிரித்து வைத்தால் இரண்டுமே ஒரு வாரத்தில் மறந்துபோகும். கட்டிங் ஆளும் தையல் ஆளும் லாஸ்டிங் ஆளும் ஒன்றாக உட்கார்ந்து, தங்களைத் தினமும் வாட்டும் ஒரு பிரச்சினையைத் தீர்க்கும்போது நெருக்கம் தானாக வரும். கீழே வரும் எல்லாப் படிகளும் அதற்காகத்தான்.

படி 1: ஒரே ஒரு கேள்வியை முடிவு செய்யுங்கள்

வேனுக்குச் சொல்வதற்கு முன், முகாமில் எந்தக் கேள்விக்கு விடை தேடப் போகிறீர்கள் என்று ஒரு வரியில் எழுதுங்கள். "தரத்தை உயர்த்துவது எப்படி?" என்பது மிகப் பெரிய கேள்வி. கீழே உள்ளவை போன்றவைதான் உதவும்:

1. சாம்பிள் ஓகே ஆன பிறகு பல்க் கட்டிங் தொடங்க ஏன் இத்தனை நாள் ஆகிறது?
2. லாஸ்டிங்கில் திரும்பி வரும் அப்பர்களைப் பாதியாகக் குறைப்பது எப்படி?
3. ஒரே பையரின் ஆர்டரை நம்பியிருக்கும் நிலையிலிருந்து ஓராண்டில் எப்படி வெளியே வருவது?

மூன்றாவது கேள்வியைத் தள்ளிப்போடாதீர்கள். நம் வட்டாரத்துக்கு அடி எப்போதும் வெளியிலிருந்துதான் வந்திருக்கிறது. பாலாற்றுப் படுகையின் மாசு குறித்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் ஷாப்புகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்ததோடு, கழிவுநீர் சுத்திகரிப்பு இல்லாமல் இயங்க முடியாது என்ற நிலையையும் அது உருவாக்கியது. 2015 மே முதல், ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும், உடலில் படும் தோல் பொருள்களில் குரோமியம் ஆறு கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தாக வேண்டும் என்ற விதி வந்தது. 2025 ஆகஸ்ட் 27 அன்று இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா விதித்த வரி 50 விழுக்காடாக ஏறியது. இப்படி ஏதேனும் வரும்போது என்ன செய்வது என்று யோசிக்க, மெஷின் ஓடிக்கொண்டிருக்கும் நாளில் யாருக்கும் நேரம் இருக்காது. அந்த நேரத்தை முகாம் கொடுக்கும்.

படி 2: யார் வருவது

1. மொத்தம் 12 முதல் 20 பேர். அதைத் தாண்டினால் பேசுபவர்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள். மற்றவர்கள் வாய் திறக்க மாட்டார்கள்.
2. ஒவ்வொரு பிரிவிலிருந்தும் ஒரு சூப்பர்வைசரோடு, மெஷினில் உட்காரும் ஓர் ஆளையும் சேருங்கள். ஸ்டோர் கீப்பரையும் பேக்கிங் ஆளையும் மறக்காதீர்கள். எந்தப் பொருள் எப்போது தீர்ந்து நின்றது என்பது அவர்களுக்குத்தான் துல்லியமாகத் தெரியும்.
3. தையல் பிரிவில் பெண்கள் அதிகம் என்றால், முகாமிலும் அந்த விகிதம் தெரிய வேண்டும்.
4. தேர்வை வெளிப்படையாகச் செய்யுங்கள். போகாதவர்களுக்கு அடுத்த முறை எப்போது என்பதையும் அதே நாளில் சொல்லுங்கள்.
5. யாரையும் கட்டாயப்படுத்தாதீர்கள். இரவு தங்க வீட்டில் அனுமதி கிடைக்காதவர்கள் முதல் நாள் மாலை திரும்ப ஒரு வண்டி வைத்திருங்கள். முதல் நாளிலேயே முக்கியமான பேச்சை முடித்துவிட்டால் அவர்களும் முழுப் பங்கு பெறுவார்கள்.

குறிப்பு: இளம் பெண் ஊழியர்களின் வீட்டுக்கு மூத்த பெண் சூப்பர்வைசரை நேரில் அனுப்பி, எங்கே போகிறோம், யார் யார் வருகிறார்கள், எப்போது திரும்புவோம், எந்த எண்ணில் பேசலாம் என்று சொல்லச் செய்யுங்கள். "அக்கா வர்றாங்க" என்ற நம்பிக்கையில்தான் பல வீடுகளில் சம்மதம் கிடைக்கும்.

படி 3: நாள் குறிப்பது

தோல் தொழிலின் காலண்டரையும் ஊரின் காலண்டரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

தவிர்க்க வேண்டியவை:
- ரம்ஜான் மாதம் முழுவதும். இது ஆண்டுக்கு ஆண்டு சுமார் 11 நாள் முன்னால் நகரும் என்பதால் ஒவ்வோர் ஆண்டும் சரிபாருங்கள்.
- பக்ரீத்தை அடுத்த வாரங்கள். தோல் ஷாப்புகளுக்குப் பச்சைத் தோல் வந்து குவியும் நேரம்.
- ஜனவரி கடைசியும் பிப்ரவரி தொடக்கமும். சென்னையில் தோல் கண்காட்சி வழக்கமாக நடக்கும் நாள்கள்.
- பிப்ரவரியிலும் செப்டம்பரிலும் மிலான் கண்காட்சிகளை ஒட்டிய வாரங்கள். சாம்பிள் வேலை உச்சத்தில் இருக்கும்.
- அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெருமழை நாள்கள். மலைப்பாதைக்கு ஆகாது.
- ஏப்ரல், மே. ஏலகிரியில் கூட்டமும் வாடகையும் ஏறியிருக்கும்.

ஆடி மாதத்தைப் பாருங்கள். கல்யாணங்கள் அதிகம் இருக்காது என்பதால் வேனும் கூடமும் சமையல்காரரும் எளிதில் கிடைப்பார்கள். ஆடிக் கிருத்திகையை மட்டும் விட்டுவிடுங்கள்.

வெள்ளிக்கிழமை என்றால் ஜும்ஆ தொழுகை முடிந்த பிறகே வண்டி கிளம்பட்டும்; கீழே வரும் நேரங்களை அதற்கேற்பத் தள்ளிக்கொள்ளுங்கள். வார விடுமுறை நாளில் அழைத்துப் போனால் மாற்று விடுமுறை கொடுத்தே ஆக வேண்டும். பீஸ் ரேட்டில் வேலை செய்பவர்களுக்கு அந்த இரண்டு நாளுக்கும் சராசரிக் கூலி போட்டுக் கொடுங்கள். கூலியை இழந்து மலைக்கு வந்தவர் மனம் திறந்து பேச மாட்டார்.

படி 4: இடம் பார்ப்பது

*ஏலகிரி:* திருப்பத்தூர் மாவட்டம், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,100 மீட்டர் உயரம். ஆம்பூரிலிருந்து வாணியம்பாடி போய், திருப்பத்தூர் சாலையில் பொன்னேரியில் திரும்பினால் மலைப்பாதை தொடங்கும். புலவர்கள், வள்ளல்கள் பெயர் தாங்கிய 14 கொண்டை ஊசி வளைவுகள். மேலே புங்கனூர் ஏரியில் படகு, மங்கலத்திலிருந்து சுவாமிமலை உச்சிக்கு நடைபாதை. தங்கும் இடங்கள் பல தரத்தில் கிடைக்கும். இரண்டு நாள் முகாமுக்கு இதுவே வசதி.

*ஜவ்வாது மலை:* ஆலங்காயம் வழியாகக் காவலூர் போகலாம். அங்குள்ள வைணு பாப்பு வானாய்வகத்தில் 1986 முதல் இயங்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. சனிக்கிழமைகளில் பொதுமக்களை அனுமதிப்பது வழக்கம். போகும் முன் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். தங்கும் வசதி குறைவு என்பதால் சிறு குழுவுக்கு ஏற்றது.

*ஒரே நாள் முகாம்:* வேலூர், ராணிப்பேட்டைப் பக்கத்தவர்கள் காலையில் ஊருக்குள் ஒரு கூடத்தில் பேசிவிட்டு, மாலையில் அமிர்தி வன உயிரினப் பூங்காவுக்கோ வேலூர்க் கோட்டைக்கோ போகலாம்.

முன்பணம் கொடுக்கும் முன் நேரில் போய்ப் பார்க்க வேண்டியவை:
1. 20 பேர் வட்டமாக உட்காரக்கூடிய, சத்தம் இல்லாத கூடம். பெரிய தாள் ஒட்ட ஒரு வெறுஞ்சுவர்.
2. பெண்களுக்குத் தனித் தளத்தில் அறைகள். உள்தாழ்ப்பாள் வேலை செய்கிறதா என்று போட்டுப் பாருங்கள்.
3. தண்ணீர் வரும் கழிப்பறைகள்.
4. ஜெனரேட்டர். செல்போன் சிக்னல்.
5. தொழுகைக்கு ஒதுக்க ஓர் அறை.

படி 5: செலவுக் கணக்கு

தலைப்புகள் இவை: வண்டி, தங்குமிடம், சாப்பாடு, தாள்–பேனா, முதலுதவி, நுழைவுக் கட்டணம், கூலி. கூலியைத்தான் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கைக் கையிருப்பாக வையுங்கள். ஊழியர்களிடம் ஒரு ரூபாய்கூட வசூலிக்காதீர்கள். பணம் போதவில்லை என்றால் ஒரு நாளைக் குறையுங்கள்; சாப்பாட்டிலும் வண்டியிலும் கைவைக்காதீர்கள்.

படி 6: முதல் நாள் – ஓர் ஆர்டரின் பாதை

காலை 7 மணிக்குக் கிளம்பி, வழியில் டிபன் முடித்து, 10 மணிக்குக் கூடத்தில் உட்காருங்கள். முகாமின் உயிர் அடுத்த மூன்று மணி நேரத்தில் இருக்கிறது.

1. நாலைந்து சார்ட் தாள்களை ஒட்டிச் சுவரின் நீளத்துக்கு ஒரு பட்டையாக்குங்கள். இடது ஓரத்தில் "ஆர்டர் வந்தது", வலது ஓரத்தில் "கண்டெய்னர் போனது".
2. அண்மையில் முடிந்த, சிக்கல் நிறைந்த ஓர் ஆர்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் உண்மையான தேதிகளைக் கணக்கர் முன்கூட்டியே எடுத்து வரட்டும்.
3. ஒவ்வொரு பிரிவும் தன் இடத்தில் எழுந்து வந்து, எப்போது வேலை கைக்கு வந்தது, எப்போது கைமாறியது என்று குறிக்கட்டும். எழுதப் பழகாதவர்கள் படமாக வரையட்டும், வாயால் சொல்லட்டும். தமிழில் தயங்குபவர் உருதில் பேசலாம். பக்கத்தில் இருப்பவர் அதைத் தமிழில் சொல்லலாம்.
4. வேலை காத்துக்கிடந்த இடங்களில் சிவப்புப் புள்ளி. திரும்பி வந்த இடங்களில் நீலப் புள்ளி.
5. புள்ளிகள் மிகுந்த மூன்று இடங்களைத் தேர்ந்தெடுங்கள்.
6. பிரிவுகளைக் கலந்து மூன்று குழுக்களாக்குங்கள். குழுவுக்கோர் இடம், முக்கால் மணி நேரம். "இது ஏன் இங்கே நடக்கிறது?" என்று பின்னோக்கிக் கேட்டுக்கொண்டே போக வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. லாஸ்டிங்கில் இழுக்கும்போது வாம்ப் சுருங்குகிறது, தோல் தளர்ந்து நிற்கிறது. பழி முதலில் தையலின் மேல் விழும். பாதையைப் பார்த்தால், அந்தத் துண்டு தோலின் வயிற்றுப் பக்கத்திலிருந்து வெட்டப்பட்டது தெரியவரும். முதுகுப் பக்கத் தோல் இறுக்கமானது. வாம்புக்கு அதுதான் வேண்டும். வயிற்றுப் பக்கம் தளர்வானது. நாக்குக்கும் மறைவான துண்டுகளுக்கும் போக வேண்டியது. கட்டிங் ஆளுக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். ஒரு ஜோடிக்கு இத்தனை சதுர அடி என்று கொடுத்த கணக்குக்குள் முடித்தாக வேண்டும் என்பதால் அப்படி வெட்டினார். அந்தக் கணக்கு குறைந்தது எங்கே? விலை பேசும்போது மெர்ச்சண்டைசர் இறுக்கிப் போட்டதில். அதற்குமேல் ஸ்டோரில் இரண்டு தரத் தோல்கள் கலந்து வந்திருக்கும்.

இந்தச் சங்கிலி முழுவதும் சுவரில் தெரியும்போது, தையல் அக்காவின் மேல் இருந்த பழி நீங்குகிறது. கட்டிங் அண்ணன் ஏன் அப்படிச் செய்தார் என்பது அக்காவுக்குப் புரிகிறது. எத்தனை விளையாட்டு வைத்தாலும் இந்தப் புரிதல் வராது.

பேச்சுக்கு நான்கு விதிகள். தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்:
- முதலாளி கடைசியில்தான் பேச வேண்டும். அவர் முதலில் கருத்துச் சொன்னால் மற்றவர்கள் தலையாட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள்.
- "யார் தப்பு?" என்று கேட்கக் கூடாது. "எந்த இடத்துல நிக்குது, பாய்?" என்று கேட்க வேண்டும்.
- இங்கே பேசியதற்காக யாருக்கும் பின்னால் தொல்லை வராது. இதை முதலாளி தன் வாயால் சொல்ல வேண்டும்.
- செல்போன்கள் ஒரு கூடையில்.

குறிப்பு: பேச்சை நடத்த, சூப்பர்வைசர்களில் பொறுமையான ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். வாய் திறக்காதவர்களைப் பெயர் சொல்லி மெதுவாகக் கேட்பது அவர் வேலை.

படி 7: சாப்பாடும் விளையாட்டும்

முதல் நாள் மதியம் எளிய சாப்பாடு போதும். பிரியாணியை முதல் மதியத்தில் போட்டால் பிற்பகல் பேச்சில் பாதிப்பேர் கண்ணயர்ந்துவிடுவார்கள். ஆம்பூரிலிருந்து மாஸ்டரை அழைத்துப் போய் இரவில் சீரகச் சம்பா பிரியாணிக்குத் தம் போடச் செய்யுங்கள். கத்தரிக்காய்த் தொக்கும் தயிர்ப் பச்சடியும் செய்யும் வேலையைப் பிரிவுகளைக் கலந்த குழுக்களிடம் கொடுங்கள். சேர்ந்து காய் நறுக்கும்போது பேச்சு தானாக வரும். இறைச்சி ஹலாலாக இருக்கட்டும். சைவத்துக்குத் தனி அடுப்பு, தனிப் பாத்திரம், தனிக் கரண்டி.

விளையாட்டில் உடல் பலத்தை மட்டும் நம்பாதீர்கள். கயிறு இழுப்பதோடு தாயம், பல்லாங்குழி, பாட்டுக்குப் பாட்டு ஆகியவற்றையும் வையுங்கள். ஒருவரைக் கேலிக்கு ஆளாக்கும் எதையும் வைக்க வேண்டாம். மாலையில் ஏரிக்கரையில் ஒரு மணி நேரம் திட்டமில்லாமல் விடுங்கள். இரவு 10 மணிக்கு எல்லோரும் அறைக்குப் போக வேண்டும்.

படி 8: இரண்டாம் நாள் – முடிவுகள்

காலை 6.30 மணிக்கு விருப்பமுள்ளவர்கள் சுவாமிமலை நடை. 9.30 முதல் 12.30 வரை இதைச் செய்யுங்கள்:

1. மூன்று குழுக்களும் தங்கள் தீர்வைச் சொல்லட்டும்.
2. செலவில்லாமல் நாளையே செய்யக்கூடியவை, பணம் வேண்டியவை என்று பிரியுங்கள்.
3. மொத்தம் ஐந்து முடிவுகளுக்கு மேல் எடுக்காதீர்கள்.
4. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு தேதி, சரிபார்க்க ஓர் அளவு. "ஷேடு கலக்காமல் பார்த்துக்கொள்வோம்" என்று எழுதினால் பயனில்லை. "ஒவ்வொரு கட்டிலும் லாட் எண் எழுதிய சீட்டு இருக்கும், பொறுப்பு: கட்டிங் சூப்பர்வைசர், தொடக்கம்: வரும் திங்கள்" என்று எழுதுங்கள்.
5. முதலாளி இப்போது பேசட்டும். எதை ஏற்கிறார், எதை இப்போது முடியாது என்கிறார், ஏன் என்று மூன்றையும் சொல்லட்டும். காரணம் சொல்லி மறுத்தால் ஆட்கள் ஏற்றுக்கொள்வார்கள். பதிலே வராமல் போனால்தான் நம்பிக்கை போகும்.

மதியச் சாப்பாடு முடிந்து 3 மணிக்குள் மலை இறங்கத் தொடங்குங்கள்.

பாதுகாப்பு

*பாதையில்:* மலைப்பாதையில் ஓட்டிப் பழகிய டிரைவர் மட்டுமே. ஏறுவதும் இறங்குவதும் பகல் வெளிச்சத்தில். குறுகலான இடத்தில் ஏறும் வண்டிக்கே வழிவிட வேண்டும் என்பது விதி. இறங்கும்போது கியரைக் குறைத்து இறங்கச் சொல்லுங்கள். பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடேறிப் பிடி தளரும். இருக்கைக்கு மேல் ஓர் ஆள்கூட ஏற்ற வேண்டாம். இளைஞர்கள் தனியாகப் பைக்கில் வருவதை அனுமதிக்காதீர்கள்.

*தண்ணீரில்:* அருவிகளிலும் ஏரியிலும் இறங்கிக் குளிக்க வேண்டாம். படகில் எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட்.

*உடல்நலம்:* சர்க்கரை, ரத்த அழுத்தம், ஆஸ்துமா உள்ளவர்கள் பட்டியலும் அவர்கள் மருந்தும் ஒருவர் பொறுப்பில் இருக்கட்டும். வாந்தி மாத்திரை, உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட், பஞ்சு, கட்டுத்துணி எடுத்துக்கொள்ளுங்கள். வாணியம்பாடி, திருப்பத்தூர் அரசு மருத்துவமனைகளின் எண்களைக் குறித்து வையுங்கள். ஆம்புலன்சுக்கு 108.

*பெண்கள்:* பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வேலை நிமித்தம் போகும் இடமும் நிறுவனம் ஏற்பாடு செய்யும் வண்டியும் பணியிடமே. பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் உள்ள நிறுவனத்தில் உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். கிளம்பும் முன் இதை எல்லோருக்கும் சொல்லி, புகார் சொல்ல வேண்டியவர் யார் என்பதையும் அறிவியுங்கள்.

*மது:* வேண்டாம். அறையிலும் வேண்டாம், வண்டியிலும் வேண்டாம். விதிவிலக்கு முதலாளிக்கும் இல்லை.

*குப்பை:* தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் தடை. எவர்சில்வர் தட்டும் டம்ளரும் எடுத்துப் போங்கள். பாலாற்றுக்கு நேர்ந்ததைப் பார்த்தவர்கள் நாம். மலையைச் சுத்தமாக விட்டு வருவது நம் கடமை.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

1. சூப்பர்வைசர்களை மட்டும் அழைத்துப் போவது. பிரச்சினையைக் கையால் தொடும் ஆள் இல்லாமல் தீர்வு வராது.
2. ஷிப்மென்ட் வாரத்தில் நாள் குறிப்பது. எல்லோர் மனமும் ஃபேக்டரியிலேயே இருக்கும்.
3. வெளியிலிருந்து பேச்சாளரை அழைத்து நாள் முழுக்கப் பேசவைப்பது.
4. நிகழ்ச்சிகளை நெருக்கி அடுக்குவது. டீ இடைவேளையில் நடக்கும் பேச்சு கூடத்தில் நடப்பதைவிடப் பலமுறை பயனுள்ளது.
5. முகாமில் சொன்ன குறையை வைத்தே பின்னால் ஒருவரைக் கண்டிப்பது. இது ஒருமுறை நடந்தால் அடுத்த முகாமில் யாரும் பேச மாட்டார்கள்.

திரும்பிய பிறகு

1. மறுநாளே ஐந்து முடிவுகளையும் ஒரே தாளில் தமிழிலும், தேவையென்றால் உருதிலும் எழுதி, டைம் கார்டு வைக்கும் இடத்தில் ஒட்டுங்கள்.
2. வராதவர்களைக் கூட்டி அரைமணி நேரம் சொல்லுங்கள். வந்து திரும்பிய மெஷின் ஆட்களே சொல்லட்டும்.
3. முதல் ஏழு நாளுக்குள் ஒரு முடிவையாவது நிறைவேற்றிக் காட்டுங்கள். சின்னதாக இருந்தாலும் சரி: தையல் வரிசையில் கூடுதல் விளக்கு, ஸ்டோரில் தரவாரியாகத் தனித் தட்டு.
4. 30 ஆம் நாளும் 90 ஆம் நாளும் அந்தத் தாளின் முன் நின்று, முடிந்ததற்கு நேரே கோடு போடுங்கள். முடியாததற்குக் காரணம் எழுதுங்கள்.

90 ஆம் நாள் அந்தத் தாளில் மூன்று முடிவுகளாவது நிறைவேறியிருந்தால் உங்கள் முகாம் வெற்றி. ஒன்றும் நிறைவேறவில்லை என்றால், அடுத்த முகாமுக்கு ஒதுக்கும் பணத்தை அந்த முடிவுகளை நிறைவேற்றச் செலவிடுங்கள். அவை முடிந்த பிறகு மீண்டும் மலை ஏறுங்கள்.